பெர்லின் மாநாட்டில் ஆப்பிரிக்க எல்லைகள் வரையப்பட்டனவா?

1884-85 பெர்லின் மாநாட்டில் ஐரோப்பியர்கள் மேசையில் வரைபடத்தை விரித்து, ஸ்கேல் வைத்து ஆப்பிரிக்காவின் இன்றைய எல்லைகளைக் கோடு கிழித்தார்கள் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயமானதே, ஓர் ஆப்பிரிக்கப் பிரதிநிதியைக்கூட அழைக்காமல் நடந்த கூட்டம் அது. ஆனால் எல்லைகள் அங்கே வரையப்படவில்லை.

மாநாட்டின் பொது ஒப்பந்தத்தில் 38 பிரிவுகள். காங்கோ வடிநிலத்தில் வணிகம், காங்கோ, நைஜர் ஆறுகளில் கப்பல் போக்குவரத்து, அப்புறம் கடற்கரையில் புதிதாக ஒரு பகுதியைப் பிடிக்கும் நாடு மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி (பிரிவு 34), இவைதான் முக்கியமானவை. கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டு நாடுகளாகச் செய்துகொண்ட ஒப்பந்தங்களில், பல ஆண்டுகளில் வந்தவை. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை என்பது அங்கும் மாறவில்லை.

சரிபார்ப்பது எளிது. பொது ஒப்பந்தத்தின் முழு வாசகம் இணையத்தில் கிடைக்கிறது, எல்லைக்கோடுகளைத் தேடிப் பாருங்கள். பிறகு 1890-ஆம் ஆண்டின் பிரிட்டன்-ஜெர்மனி ஒப்பந்தத்தைப் படியுங்கள். விக்டோரியா ஏரிக்கு மேற்கே எல்லை 1 டிகிரி தெற்கு அட்சரேகை என்று முதல் பிரிவிலேயே இருக்கும். இன்றைய உகாண்டா-தான்சானியா எல்லை அந்த இடத்தில் ஏறக்குறைய நேர்கோடாகப் போவதை எந்த வரைபடத்திலும் பார்க்கலாம்.