மூன்று மணித்தியாலக் கணக்கு

(திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பாமசி. ஓட்டோவை வாசலை மறித்து நிறுத்திவிட்டு ராசன் உள்ளே வருகிறான். மருந்து எடுத்துக் கொடுப்பவர் மலர் அக்கா.)

ராசன்: அக்கா, டொக்டர் சொன்னதெல்லாம் செய்கிறேன். ஆனாலும் நெஞ்சுக்குள்ளே கன்னியா வெந்நீர் ஊற்று மாதிரிக் கொதிக்கிறது.

மலர்: அங்கே ஏழு கிணறு. உனக்கு எத்தனை? சரி, முதலில் இதைச் சொல்லு. நோ கைக்கோ தாடைக்கோ ஓடுகிறதா? வியர்க்கிறதா?

ராசன்: இல்லை. டயர் மாற்றக் குனிந்தால் புளித்தண்ணி தொண்டைக்கு வரும். அவ்வளவுதான்.

மலர்: அந்த நோவோ வியர்வையோ வந்தால் மாரடைப்பாக இருக்கலாம், காஸ் என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காதே. 1990க்கு அடி, அம்புலன்ஸ் வரும். விழுங்கக் கஷ்டமா? மலம் கறுப்பாகப் போகிறதா?

ராசன்: விடியக்காலையில் ஏன் அக்கா இந்தக் கதை? அப்படி ஒன்றுமில்லை.

மலர்: இரவில் எப்போது சாப்பிடுகிறாய்?

ராசன்: அதிலேதான் சிக்கல். சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் படுக்கக் கூடாதாம். ஒன்பது மணிக்குக் கொத்து ரொட்டி. பன்னிரண்டு வரை முழித்திருக்க வேண்டும். பதினொன்றரைக்குப் பசித்துவிடும். இன்னொரு கொத்து. கணக்கு திரும்ப முதலில் இருந்து தொடங்கும். நேற்று நான் படுக்கவே இல்லை.

மலர்: கடவுளே! கொத்தை விடு.

ராசன்: கோழிக் கொத்தை விட்டுவிட்டேன். இப்போது மீன் கொத்து.

மலர்: கோழியா உன்னை எரித்தது? அந்தத் தட்டில் ஊற்றுகிற எண்ணெய். உணவுக்குழாயின் அடியில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு இறங்கியதும் இறுகி மூட வேண்டும். கொழுப்பு கூடினால் இளகும், சிகரெட்டுக்கும் இளகும். வயிறு முட்டினால் உள்ளே அமுக்கம் கூடும். பிறகு அமிலம் மேலே வராமல் என்ன செய்யும்?

ராசன்: எரிந்தால் பெப்பர்மின்ட் டொபி போடுகிறேன். குளிர்ச்சி.

மலர்: அதுவும் வளையத்தை இளக்கும்.

ராசன்: (வாயில் கிடந்ததைக் கன்னத்துக்கு ஒதுக்கி) இனிப் போடமாட்டேன்.

மலர்: அமிலம் குறைக்கத் தந்த குளிசை, ஓமெப்ரசோல்?

ராசன்: அது ஒழுங்காக. கொத்துச் சாப்பிட்ட கையோடு.

மலர்: காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் என்று பக்கற்றில் எழுதினேனே! சாப்பிடும்போதுதான் அமிலம் வேகமாகச் சுரக்கும். அதற்கு முன்பே மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். எரிகிற நேரம் போட்டு அணைக்கிற குளிசை இல்லை இது.

ராசன்: காலையில் பிளேன்டீ மட்டும்தானே அக்கா.

மலர்: நாலு இடியப்பமும் சொதியும் சாப்பிடு. சம்பல் எரித்தால் தொடாதே. எரிக்காவிட்டால் கொஞ்சம் தொட்டுக்கொள். எட்டுக் கிழமைக்கு எழுதியிருக்கிறார், முடியும்வரை போடு. கட்டிலுக்குக் கல் வைத்தாயா?

ராசன்: வைத்தேன். ஆறங்குலம். ஆனால் இரவில் சறுக்கிச் சறுக்கித் தலை கட்டில் சட்டத்தில் முட்டுகிறது.

மலர்: தலையா? கால் அல்லவா முட்ட வேண்டும்! எந்தப் பக்கம் வைத்தாய்?

ராசன்: கால் பக்கம்.

மலர்: (குளிசை எண்ணுவதை நிறுத்தி) இவ்வளவு நாளும் அமிலத்துக்கு இறக்கத்தில் வழி வெட்டிக் கொடுத்திருக்கிறாய். தலைமாட்டுக்கு மாற்று.

ராசன்: கல்லை ஏன் தூக்குவான்? தலையணையை அந்தப் பக்கம் போட்டால் சரிதானே.

மலர்: அட, அதுவும் சரி. இடது பக்கம் சாய்ந்து படு. அப்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே நிற்கும், அமிலம் ஏறுவது குறையும்.

ராசன்: (காற்றில் கட்டிலை வரைந்து, தானும் ஒருமுறை சுற்றித் திரும்பி) அக்கா, சரிவராது. அந்தப் பக்கம் தலை வைத்தால் இடது பக்கம் சுவர். சுவரில் மாமனார் படம். மாலையோடு, என் கண்ணுக்கு நேரே.

மலர்: கழற்றி முன் அறையில் மாட்டு.

ராசன்: மாமனாரைக் கழற்றுவதா? ஓட்டோக் காசு முழுக்க வீட்டுக்காரி கையில். பிறகு கொத்துக்கு ஐந்து சதம் தரமாட்டாள்!

மலர்: இன்றைக்கே கழற்று.