சோடியாகத்தான் தருவாராம்

ஒரு சாண் கட்டுக்கம்பி. அதை அவிழ்க்கமாட்டேன் என்று ஒரு மனிதர் முக்கால் மணி நேரம் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். நானும் விடாமல் நின்றேன். தோற்றது நான்தான்.

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தை. வேறெங்கே?

எனக்குத் தேவைப்பட்டது கண்ணாடி ஏற்றி இறக்கும் கைபிடி. நான் பழையபடி ஆக்கப் பார்க்கும் 1965ஆம் ஆண்டு பெட்போர்ட், எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு லொறி, அதன் வலது பக்கக் கதவுக்கு. இடது பக்கத்தில் அசல் கைபிடி கல்லுப்போல இருக்கிறது. ஆகவே ஒன்று போதும். ஒன்று. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரரால் அது முடியவில்லை.

ஆளுக்கு மேலே சைலன்சர்கள் தொங்குகின்றன, காலுக்குக் கீழே கியர்பெட்டி, நடுவில் ஒரு ஸ்டூலில் முதலாளி. கையில் பிளேன்டீ. அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் இரண்டு கைபிடிகள், கட்டுக்கம்பியால் ஒன்றாகக் கட்டப்பட்டுத் தொங்கின. குரோம் உரிந்த ஒன்றைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்தது. அதேதான். அதே வளைவு, அதே கறுப்புக் குமிழ்.

"நானா, அது பெட்போர்டுதானே?"

"ஒரிஜினல், தம்பி. எடுத்துப் பாருங்க."

"ஒன்று எவ்வளவு?"

"சோடி ஆறாயிரம்."

"எனக்கு ஒன்று போதும் நானா."

"சோடியாத்தான் குடுப்பன்."

சரி, எடுத்துப் பார்த்தேன். சோடி என்றால் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டாமா? ஒன்று பெட்போர்ட். மற்றது எந்த மிருகத்தின் உறுப்போ தெரியாது, இரண்டு அங்குலம் நீளம் கூட, வளைவே வேறு. "இது ரெண்டும் வேற வேற நானா" என்றேன். பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அதனாலதானே சோடியாக் கட்டி வச்சிருக்கன். இல்லாட்டி மற்றத யார் வாங்குவா?"

நியாயம்தானே! இரண்டு வெவ்வேறு சாமானைக் கம்பியால் கட்டினால் அது சோடி. புறக்கோட்டையில் மிளகாய் மூட்டையோடு வழுக்கல் தேங்காயைக் கட்டி விற்காததுதான் பாக்கி.

அப்போதுதான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்கிறேன் என்று நினைத்தேன். "நானா, ஆறாயிரத்தையும் தாறன். பெட்போர்ட் கைபிடியை மட்டும் தாங்க. மற்றதை நீங்களே வச்சிருங்க."

முகம் மாறிவிட்டது. பிளேன்டீ கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு கைபிடிக்கு ஆறாயிரம் எடுக்க நான் என்ன கள்ளனா தம்பி?"

இதற்கு என்ன பதில்? யோசித்துப் பார்த்தேன், இன்னும் வரவில்லை. ஒற்றைக் கைபிடியை யார் வாங்குவார் என்று கேட்கிறார். நான்தான், உங்கள் முன்னால் வேர்த்து வடிந்து நிற்கிற நான்தான் வாங்குவேன் என்கிறேன். உலகத்தில் அப்படி ஓர் ஆள் இருக்க முடியாது என்கிறார். வெளியே நின்ற ஓட்டோக்காரர் சமாதானம் பேச வந்தார்: "ரெண்டையும் வாங்கி ஒண்டத் திருப்பிக் குடுங்க அண்ணன்." முதலாளி விரலை மட்டும் உயர்த்தினார். சுவரில் பலகை. விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது. மூன்று மொழியிலும்.

ஆறாயிரத்தைக் கொடுத்தேன். கம்பியோடு கொண்டுவந்தேன்.

இந்த லொறிக்கு எஞ்சின் சாமான் கேளுங்கள், வரிசையில் நின்று தருவார்கள். பிஸ்டன் ரிங், லைனர், கேஸ்கட், எதுவும். பாகிஸ்தானில் உடம்பெல்லாம் பூவும் மயிலும் வரைந்து இன்றைக்கும் பெட்போர்ட் ஓட்டுகிறார்கள். இந்தியாவிலும் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் ஒரு காலத்தில் இதே லொறியைச் செய்தது. ஓடுகிற சாமானுக்குப் பஞ்சமில்லை. உள்ளே இருக்கிற சாமானுக்குத்தான் நாதியில்லை. 1986இல் ஜெனரல் மோட்டர்ஸ், கனரக பெட்போர்டே வேண்டாம் என்று கைகழுவிவிட்டது. இனிமேல் கதவுக் கைபிடிக்கும் கூரைத் துணிக்கும் யாரிடம் போய் அழுவது?

அழுதாலும் ஒரே பதில்தான். "அதெல்லாம் என்னத்துக்கு? ஓடுதுதானே?" தகர வேலை பார்க்கும் டின்கரிங் பாஸ் (இங்கே பாஸ் என்றால் முதலாளி இல்லை, மேஸ்திரி) சொல்கிறார், வயரிங் பொடியன் சொல்கிறான், சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அறுபது வருடமாக ஓட்டினவர்களும் அதையே சொல்லித்தான் இந்த லொறியின் வயிற்றைக் காலி செய்திருக்கிறார்கள். ஸ்பீடோமீட்டர் நின்றால் கழற்றி வீசிவிட்டு ஓட்டைக்குத் தகரம். சீட் கிழிந்தால் பலகை, அதன்மேல் ரெக்சின். டாஷ்போட்டில் பிள்ளையாருக்கு இரண்டு துளை, மாதாவுக்கு ஒரு துளை, ஊதுபத்திக்கு ஒன்று, மின்விசிறிக்கு மூன்று. சாமி துளைகளை நான் மன்னித்துவிட்டேன். கசெட் பிளேயர் வைப்பதற்காக அந்த இரும்புத் தகட்டை உளியால் வெட்டிய மகானைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். நேர்கோட்டிலாவது வெட்டியிருக்கலாம்.

இதற்குள் விலை வேறு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய இரும்பெல்லாம் பவுன் விலைக்கு ஏறியது. 2025இல் திறந்துவிட்டார்கள். ஏறினது இறங்கியதா? கேட்டால் "டொலர் தம்பி" என்கிறார்கள். அறுபது வருடம் இந்த ஊரிலேயே கிடந்து துருப்பிடித்த கைபிடிக்கு என்ன டொலர்?

பாஸின் கதை தனிக்கதை. பதினொரு மாதமாக லொறி கொழும்பு கிராண்ட்பாஸில் அவருடைய கராஜில் நிற்கிறது. போகும்போதெல்லாம் "ஹெட்ட என்ன" என்பார். நாளைக்கு வாங்கோ என்று அர்த்தம். சிங்களத்தில் 'என்ன' என்றால் வாருங்கள். நானும் கோபத்தில் தமிழில் "என்ன?" என்பேன். அவர் தலையாட்டுவார், ஒத்துக்கொண்டேன் என்று நினைத்து. ஒரே சொல்லை வைத்து இரண்டு பேரும் பதினொரு மாதம் ஓட்டிவிட்டோம்.

சரி, கைபிடிக்கு வருகிறேன். குறடால் கம்பியை வெட்டினேன், அவ்வளவு சுகம். பெட்போர்ட் கைபிடியைக் கதவில் செருகிச் சுற்றினேன். சுற்றியது. நன்றாகவே சுற்றியது. கண்ணாடி மட்டும் அசையவில்லை. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இருக்க வேண்டிய பல் ஒன்றுகூட இல்லை. என் அப்பாச்சியின் வாய் மாதிரி வழவழவென்று இருக்கிறது.

பாஸ் ஒன்றும் பேசாமல் மற்றதை எடுத்தார். அந்த அநாதையை. செருகினார். டக்கென்று உட்கார்ந்தது.

நான் சிரிக்கத் தொடங்கியது அப்போதுதான். நிறுத்த முடியவில்லை. சோடியாத்தான் குடுப்பன் என்று ஒற்றைக்காலில் நின்ற மனுசன் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்! வாங்கமாட்டேன் என்று நான் முக்கால் மணி நேரம் சண்டைபிடித்தது, இதை.

அதுவும் முழுதாகச் சுற்றாது என்பது வேறு விஷயம். நீளம் கூட, அரைச் சுற்றில் கதவுத் திறப்பில் முட்டி நிற்கிறது. கண்ணாடி நாலு விரல் இறங்கும். "காத்து வருதுதானே?" என்றார் பாஸ், சிங்களத்தில். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கதவுக்குள்ளே கண்ணாடியை ஏற்றி இறக்கும் வைண்டரைக் கழற்றி ஒரு பக்கமாகத் தள்ளிப் பூட்டினால் முட்டாது என்றார். நாலு போல்ட். அரை அங்குலம்.

கராஜில் இருப்பது முழுக்க ஜப்பான் வாகனத்துக்கான மில்லிமீட்டர் ஸ்பானர். அரை அங்குலம் என்றால் 12.7. பன்னிரண்டு ஏறாது, பதின்மூன்று ஆடும், ஆடி ஆடி போல்ட்டின் மூலையைத் தின்றுவிடும். என்னிடம் அப்பாவின் அங்குல செட் முழுதாக இருக்கிறது, அரை அங்குலத்தைத் தவிர. அது தைப்பொங்கலன்று மச்சான் வாங்கிக்கொண்டு போனது. ஹைபிரிட் கார் வைத்திருக்கிறவருக்கு, ஓர் அங்குல போல்ட்கூட இல்லாத காருக்கு, அரை அங்குல ஸ்பானர் எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். மனைவியின் அண்ணன், எப்படிக் கேட்பது?

இன்றைக்குக் கராஜில் நின்றபடியே போன் போட்டுக் கேட்டேன்.

"ஓ, அதுவா மச்சான்? பல்கனிக் கதவு காத்துக்கு அடிக்குது. அண்டை குடுத்து வச்சிருக்கன். நாளைக்கு வந்து எடுங்கோவன்."