தென்கொரியாவில் எதுவும் தானாக வரவில்லை

பொருளாதாரம் வளர்ந்தால் ஜனநாயகம் தானாக வந்துவிடும், தென்கொரியாவைப் பாருங்கள் என்று யாராவது எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அது ரத்தம் சிந்திப் பெற்றது.

1979 டிசம்பரில் ராணுவத்தைக் கைக்குள் கொண்டுவந்த ஜெனரல் சுன் டூ ஹ்வான், அடுத்த மே மாதம் நாடு முழுவதற்கும் ராணுவச் சட்டத்தை விரித்தார். குவாங்ஜு நகரம் எதிர்த்தது. படையினர் மாணவர்களைத் தடியால் அடித்தார்கள். துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தினார்கள். கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். மக்களோ அவர்களை விரட்டிவிட்டு, சில நாட்கள் நகரைத் தாங்களே நடத்தினார்கள். சந்தைப் பெண்கள் சோற்று உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். ரத்தம் கொடுக்க மருத்துவமனைகளில் ஆட்கள் குவிந்தார்கள். மே 27 விடியும் முன்பே ராணுவம் டாங்கிகளோடு திரும்பி வந்து எல்லாவற்றையும் நசுக்கியது. செத்தவர்களுக்குக் கலகக்காரர்கள் என்று பட்டம் சூட்டியது அரசு. அன்று பார்த்தவர்களுக்கு அது முழுத் தோல்விதான்.

1987 ஜனவரியில் பார்க் ஜோங் சொல் என்ற மாணவர் போலீஸின் தண்ணீர்ச் சித்திரவதையில் இறந்தார். மேசையைத் தட்டியதும் விழுந்து செத்தார் என்றது போலீஸ். உண்மைக் குற்றவாளிகள் மறைக்கப்பட்டதைக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் அம்பலப்படுத்தினார்கள். அந்த நாள் மே 18, குவாங்ஜு எழுச்சியின் ஏழாம் ஆண்டு நினைவு நாள். ஜூனில் மாணவர்களோடு டை கட்டிய அலுவலக ஊழியர்களும் தெருவில் இறங்கினார்கள். மியோங்டோங் பேராலயத்தில் தஞ்சம் புகுந்த மாணவர்களைப் பிடிக்க வேண்டுமானால், முதலில் தன்னைத் தாண்ட வேண்டும் என்றார் கர்தினால் கிம் சூ ஹ்வான்.

ராணுவத்தை இறக்கத் தயாரான சுன், அப்போது அதிபர், பின்வாங்கினார். அடுத்த ஆண்டு சியோல் ஒலிம்பிக், அமெரிக்காவும் எச்சரித்தது, இவை உண்மையே. ஆனால் இன்னொரு குவாங்ஜுவை நாடு தாங்காது என்ற அச்சமே அவர் கையைக் கட்டியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜூன் 29 அன்று நேரடி அதிபர் தேர்தலுக்கு ஆட்சி இணங்கியது.

பிறகு நடந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. எதிர்க்கட்சித் தலைவர்கள் கிம் யங் சாமும் கிம் டே ஜங்கும் தனித்தனியே நின்று வாக்கைப் பிரித்தார்கள். சுன்னின் கூட்டாளி ரோ டே வூ 37 சதவீதத்துக்கும் குறைவான வாக்கில் அதிபரானார்! ஆனாலும் திறந்த கதவை அவர்களால் மூட முடியவில்லை. 1996இல் சுன், ரோ இருவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

2024 டிசம்பர் 3 இரவு அப்போதைய அதிபர் யூன் சுக் இயோல் மறுபடி ராணுவச் சட்டம் அறிவித்தபோது, மக்கள் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடினார்கள். உள்ளே நுழைந்த 190 உறுப்பினர்கள் அதை ஒருமனதாக நிராகரித்தார்கள். 2025 ஏப்ரலில் அவரைப் பதவிநீக்கம் செய்த அரசியலமைப்பு நீதிமன்றமே, 1987 ஜூனில் தெருவில் நின்றவர்கள் போராடிப் பெற்ற அரசியலமைப்பின்படி உருவானது.