பணம் கார்னெலுடையது, யோசனை?
அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் உருவான கதையில் எஸ்ரா கார்னெல் பணம் கொடுத்தார், ஆண்ட்ரூ டிக்சன் வைட் அதன் முதல் தலைவராக வேலை பார்த்தார் என்று மட்டும் கட்டுரை சொல்வது வைட்டுக்கு அநியாயம். நியூயார்க் மாநில செனட்டில் இருவரும் உறுப்பினர்கள். கல்லூரிகள் தொடங்க மாநிலங்களுக்கு மத்திய அரசு நிலம் தந்த 1862 மோரில் சட்டப்படி அந்த மாநிலத்துக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட 9,90,000 ஏக்கர். அதை இரண்டு கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்றவர் கார்னெல். கூடாது, மொத்தமும் ஒரே இடத்துக்குப் போனால்தான் உருப்படியான பல்கலைக்கழகம் வரும் என்று பிடிவாதமாக நின்றவர் கல்விக் குழுத் தலைவரான வைட். அப்போது அவருக்கு வயது 31தான்! அதற்குப் பிறகுதான் கார்னெல் மனம் மாறி 5,00,000 டாலர் தருவதாகச் சொன்னார், 1865-ல் பல்கலைக்கழகத்தை நிறுவும் சட்டமும் நிறைவேறியது. இந்த முதல் மோதலை விட்டுவிட்டால் கதையே மாறிவிடுகிறது. அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒருவர் வைட்டை மத விரோதி என்று எழுதியிருக்கிறார். 1896-ல் வந்த அவருடைய நூல் அறிவியலுக்கும் இறையியல் பிடிவாதத்துக்கும் நடந்த சண்டையைத்தான் பேசுகிறது. அதில் சில இடங்கள் மிகைப்படுத்தல் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள், சரி. ஆனால் அவர் தலைவராக இருந்தபோதுதான் வளாகத்தில் சேஜ் தேவாலயம் எழுந்தது. பல திருச்சபைகளின் போதகர்களையும் அங்கே பேச அழைத்தார்கள்.