நான் சேர்த்து வைத்திருப்பது குப்பை இல்லை

சனிக்கிழமை நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். மற்றவர்கள் அன்றிரவே கேள்விப்பட்டிருப்பீர்கள். யார், எங்கே என்று மறுபடி விவரிக்க எனக்கு மனமில்லை. நான் தரவிறக்கிச் சேர்த்து வைத்திருக்கும் இசைக் கோப்புகளை நண்பர் ஒருவர் "டிஜிட்டல் குப்பை" என்றார். அந்தச் சொல்லும், அதற்கு எழுந்த சிரிப்பும் நான்கு நாட்களாகக் காதை விட்டுப் போகவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்குப் பேச வாய் வரவில்லை. அதனால் இன்று எழுதுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். தரவிறக்கி வைத்த இசை என்னிடம் இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் கேட்கும் இசை வேறு யாரிடமோ இருக்கிறது. அவர்கள் விடும்வரை நான் கேட்கலாம்.

ஒலித்தரத்தை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொண்டு வாதம் செய்கிறார்கள். ஸ்ட்ரீமிங் என்றாலே ஒலி மோசம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பிட், கிலோஹெர்ட்ஸ் என்ற எண்கள் ஒலி எவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகியிருக்கிறது என்பதைச் சொல்பவை; ஃபிளாக் என்பது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கி வைக்கும் கோப்பு வகை. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் கோப்பு இணையம் வழியாக வந்தாலும் வன்தட்டிலிருந்து வந்தாலும், பிட் மாறாமல் வந்து சேர்ந்தால் ஒலி ஒன்றுதான். 1982இல் வந்த குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸே பெரும்பாலான காதுகளுக்குப் போதும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், ஹை-ரெஸ் ஒலியை, அதாவது குறுந்தகட்டைவிட நுணுக்கமான ஒலியை, குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கிக் கொடுத்தபோது கேட்டவர்களால் வேறுபாட்டைப் பிரித்தறிய முடியவில்லை. 192 கிலோஹெர்ட்ஸைக் காதாலேயே கண்டுபிடிப்பேன் என்று நான் மார்தட்டியதும் இல்லை. ஆனால் அன்று, சொல்லாத ஒன்றை நான் சொன்னதாக வைத்துக்கொண்டுதான் சிரித்தார்கள்.

காதுக்கு உண்மையில் தெரிவது மாஸ்டரிங், அதாவது பதிவான இசையை வெளியிடும் முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை. ஒரே பதிவை இரண்டு பொறியாளர்கள் இரண்டு விதமாகத் தயாரித்தால் அது இரண்டு இசையாகிவிடும். மெல்லிய இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களை அமுக்கி, முழுவதும் ஒரே சத்தமாக்கிய மறுபதிப்பை 24 பிட்டில் கொடுத்தால் மட்டும் உயிர் திரும்பி வந்துவிடுமா? ஸ்ட்ரீமிங்கில் எந்த மாஸ்டரிங் கிடைக்கும் என்பதை நான் தீர்மானிப்பதில்லை. நேற்று ஒன்று இருந்த இடத்தில் இன்று வேறொன்று இருக்கும். அட்டைப்படம் அதுவே, பெயரும் அதுவே.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அம்மா அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தபோது, மாலை நேரங்களில் ஒரு புல்லாங்குழல் ஆல்பத்தைப் போடச் சொல்வார். அப்போது நானும் ஸ்ட்ரீமிங்கில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் இரண்டாவது உருப்படி தொடங்கும் முன்பு, வாசிப்பவர் மூச்சை உள்ளிழுப்பது தெளிவாகக் கேட்கும். அந்த மூச்சு வந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் கண்ணை மூடவில்லை. "இது வேறு யாரோ வாசிக்கிறார்கள்" என்றார். நான் மருந்து மயக்கம் என்று நினைத்தேன். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. திரும்பப் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது: அந்த மூச்சு இல்லை. துடைத்துவிட்டிருந்தார்கள். குழலும் முன்பைவிட உரக்க, முகத்தில் அடிப்பது போல ஒலித்தது. அந்தச் சேவைக்கு எழுதிக் கேட்டேன். உள்ளடக்கம் அவ்வப்போது மாறக்கூடும் என்று நான்கு வரியில் பதில் வந்தது.

பழைய பதிப்பைத் தேடி மூன்று வாரம் அலைந்தேன். அதை வெளியிட்ட சிறிய நிறுவனமே தன் பக்கத்தில் ஃபிளாக் கோப்பாக விற்றுக்கொண்டிருந்தது. வாங்கினேன். மூச்சு அங்கே இருந்தது. அன்று மாலை அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நான் முதன்முதலில் தரவிறக்கிய ஆல்பம் அது.

ஃபிளாக் கோப்பின் தொடக்கத்திலேயே மூல ஒலித்தரவின் எம்டி5 கையொப்பம், அதாவது அந்தத் தரவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண், பதிந்திருக்கும். பத்து ஆண்டு கழித்தும் அதைக் கொண்டு சரிபார்த்து, ஒரு பிட்கூடக் கெடவில்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். எனக்கு வேண்டியது இந்த உறுதிதான்.

"செயலியிலேயே தரவிறக்க வசதி இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது. அந்தக் கோப்பைப் பூட்டித்தான் கொடுக்கிறார்கள். அந்தச் செயலிக்கு வெளியே அது திறக்காது, சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். அதைத் தரவிறக்கம் என்று அழைப்பதே எனக்குக் கோபம் வரவைக்கிறது. சந்தாவோடு ஒப்பிட்டால் ஆல்பம் ஆல்பமாக வாங்குவது செலவு என்கிறீர்கள். ஆமாம், செலவுதான். இடத்தை அடைக்கும் என்கிறீர்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேர இசை அழுத்தாமலே சுமார் 2 ஜிபிதான். ஃபிளாக்கில் அதைவிடக் குறையும். உள்ளங்கையளவு வன்தட்டில் நூற்றுக்கணக்கான ஆல்பங்கள் அடங்கும். வன்தட்டு பழுதாகாதா என்றால், பழுதாகும். அதனால்தான் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன், ஒன்று வேறு வீட்டில் இருக்கிறது.

புதிய இசையை அறிந்துகொள்ள ஸ்ட்ரீமிங்குக்கு இணையில்லை. நானும் சந்தா கட்டுகிறேன். அதில் கேட்டு, பிடித்ததை வாங்குகிறேன். இதையும் அன்று சொன்னேன், யாரும் காது கொடுக்கவில்லை.

இன்னொன்று. டைடல் என்ற ஸ்ட்ரீமிங் சேவை 2017இல் எம்க்யூஏ என்ற ஒலிக்கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தபோது, ஸ்டுடியோவில் இருந்ததே உங்கள் வீட்டுக்கு வருகிறது என்ற பேச்சை நம்பி எத்தனை பேர் அதற்கென்றே கருவி வாங்கினார்கள்! உண்மையில் அது இழப்புள்ள வடிவம்; சுருக்கும்போது மூல ஒலித்தரவில் கொஞ்சம் போய்விடும். 2023இல் எம்க்யூஏ நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது, 2024இல் டைடல் அதைக் கைவிட்டு ஃபிளாக்குக்கு மாறியது. எப்போது மாறுவது என்பது கேட்பவர்கள் கையில் இருக்கவில்லை. மாறாதே என்றும் சொல்ல முடியவில்லை. என் ஃபிளாக் கோப்புகள் அப்போதும் பாடின, இப்போதும் பாடுகின்றன. திரையில் 192 என்று காட்டுவதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டே ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்: ப்ளூடூத் வழியே போகும்போது அது மறுபடி சுருக்கப்பட்டுத்தான் போகிறது. நல்ல டிஏசியும் (டிஜிட்டல் தரவை ஒலிக்கான மின்குறிப்பாக மாற்றும் கருவி) கம்பி இணைப்பும் இல்லாமல் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. இதை எடுத்துச் சொன்னால் எனக்குத் திமிர் என்கிறார்கள்.

எனக்கு வலித்தது வாதம் இல்லை. வாதத்தில் தோற்கலாம். எட்டு ஆண்டுகளாக ஒவ்வொன்றாகத் தேடி, கேட்டு, ஒப்பிட்டு, கலைஞர் பெயரும் பதிவான ஆண்டும் நானே எழுதி அடுக்கியதை ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்கள். குப்பையை யாராவது இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து பெயர் எழுதி அடுக்குவார்களா?

அந்தச் சொல்லைச் சொன்ன நண்பரே, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். சென்ற ஆண்டு உங்கள் தந்தைக்குப் பிடித்த அந்த வயலின் கச்சேரி உங்கள் செயலியில் சாம்பல் நிறமாகி, அழுத்தினால் ஒலிக்காமல் போனது. அன்று நீங்கள் என்னை அழைத்தீர்கள். மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவர் என் அறையில் முழுக் கச்சேரியையும் கேட்டார், முடிந்ததும் கடைசி உருப்படியை மறுபடி போடச் சொன்னார். அது இன்னும் அதே வன்தட்டில்தான் இருக்கிறது.