‘ஸ்க்விட் கேம்’ உண்மைக் கதையா? இல்லை

‘1986-இல் தென்கொரியாவில் ஆட்களை அடைத்து வைத்து, உயிரைப் பணயம் வைத்து விளையாட விட்டார்கள், ஸ்க்விட் கேம் என்ற கொரியத் தொடர் அந்த உண்மைக் கதைதான்’ என்று ஒரு தகவல் பரவுகிறது. கூடவே, இளஞ்சிவப்புச் சுவரும் வண்ணப் படிக்கட்டுமாகப் பாழடைந்த கட்டடப் படங்கள். அவை செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியவை.

தொடரின் கதை, அதன் இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹியுக்கின் கற்பனை. பணமுடையில் இருந்த காலத்தில் படித்த ஜப்பானியச் சித்திரக்கதைகளில் இருந்து பிறந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தகவலில் இடமாகச் சொல்லப்படும் ‘பிரதர்ஸ் ஹோம்’ என்ற காப்பகம் மட்டும் நிஜம். புசான் நகரில் இருந்தது. தெருவில் நின்றவர்களை, சிறுவர்களைக்கூட, நாடோடிகள் என்று பிடித்து வந்து அடைத்தார்கள். அடி, கட்டாய வேலை, பாலியல் கொடுமை. அங்கே யாரும் எந்தப் பரிசுக்கும் விளையாடவில்லை. 657 பேர் இறந்ததாக 2022 ஆகஸ்டில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அறிவித்தது. அந்த அறிவிப்பை யாரும் தேடிப் படிக்கலாம்.

உயிர் தப்பியவர்கள் இன்றும் நியாயம் கேட்டு நிற்கிறார்கள். அவர்கள் பட்டதைப் பொழுதுபோக்குக் கதையாக்குவது மனதை வருத்துகிறது. இந்தத் தகவல் உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் விவரத்தைச் சொல்லுங்கள்.