கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

பல்லுக்கு கிளிப் போடுவதை அழகுக்கான வேலை என்றே பலரும் எண்ணுகிறோம். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் எலும்புக்குள் பல்லை நகர்த்திக்கொண்டிருக்கும் மருத்துவம் அது. மருத்துவரின் அறப் பொறுப்பும் சட்டப் பொறுப்பும் கம்பி மாட்டும் நாளுக்கு வெகு முன்பே, நோயறியும் கட்டத்திலேயே தொடங்கிவிடுகின்றன என்பது என் கருத்து.

பல் நகரும்போது வேரின் நுனி சற்றே கரைவது பலருக்கும் நேர்வதுதான். சிலருக்கு மட்டும் அது கூர் மழுங்கிய பென்சிலைப் போலக் குட்டையாகிவிடுகிறது. தொடக்கத்தில் எடுத்த எக்ஸ்ரே கையில் இல்லையென்றால், வேர் முன்பே அப்படித்தான் இருந்ததா, சிகிச்சையால் அப்படி ஆனதா என்பதைப் பிற்பாடு நிறுவுவது மிகக் கடினம். பல் அச்சு, ஒளிப்படம், எக்ஸ்ரே ஆகியவற்றை வெறும் சம்பிரதாயமாகக் கருதும் மருத்துவர் தனக்கான சாட்சியையே இழக்கிறார். ஈறு நோய் ஆறாத வாயில் கம்பி மாட்டலாகாது என்பதும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிட வேண்டிய செய்தி.

பல் பிடுங்கச் சொல்லி எழுதும் சீட்டு இன்னொரு ஆபத்து. உலகின் பெரும்பகுதியில் வழங்கும் எண்முறையில் 14 என்பது மேல்வரிசையின் வலப்பக்க முதல் முன்கடைவாய்ப்பல். அமெரிக்க எண்முறையிலோ அதே 14 மேல்வரிசையின் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல். பிடுங்கிய பல் திரும்பி வராது. எண்ணோடு பல்லின் பெயரையும் பக்கத்தையும் எழுத்தால் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஒப்புதலுக்கு வருவோம். பிரசவம் தொடர்பான ஒரு வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் அளித்த தீர்ப்பு, சக மருத்துவர்கள் எதைச் சொல்லியிருப்பார்கள் என்ற பழைய அளவுகோலை விலக்கிவிட்டு, அந்த நோயாளியின் நிலையில் இருப்பவர் எந்த ஆபத்தைப் பொருட்படுத்துவார் என்று கேட்டது. அந்தக் கேள்வியை இங்கும் கேட்கலாம். சரியாகத் துலக்காவிட்டால் பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் திட்டு விழும் என்பதும், கம்பியைக் கழற்றியபின் பற்களை நகராமல் நிறுத்திவைக்கும் ரிட்டெய்னரை நெடுங்காலம் அணியாவிட்டால் பற்கள் பழைய இடத்தை நோக்கி நகரக்கூடும் என்பதும், சிகிச்சையே வேண்டாம் என்று இருந்துவிடுவதும் ஒரு வழிதான் என்பதும் படிவத்தின் பொடி எழுத்தில் ஒளிந்திருந்தால் அதை ஒப்புதல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கையெழுத்திடுவது பெரும்பாலும் பெற்றோர். கம்பியைச் சுமப்பது 12 வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பார்த்து, “உனக்கு இது வேண்டுமா?” என்று மருத்துவர் ஒருமுறையேனும் கேட்டாரா, அதற்குக் கிடைத்த பதில் சிகிச்சைக் குறிப்பில் இருக்கிறதா?